உலகம் அழியும் என்ற இரவில் உறங்கப்போன ஜான் வெஸ்லி

1763ஆம் ஆண்டு பிப்ரவரி 28, திங்கட்கிழமை. லண்டன் மாநகரில் அன்றிரவு பலர் படுக்கைக்குப் போகவே பயந்தார்கள். அன்றோடு உலகம் முடிந்துவிடும் என்று ஜார்ஜ் பெல் என்ற முன்னாள் படைவீரர் வாரக்கணக்கில் சொல்லிவந்திருந்தார். உலகம் அழியாவிட்டாலும் லண்டனாவது பூமி பிளந்து உள்ளே போய்விடும் என்று நம்பிய சிலர், வீட்டை விட்டு வெளியேறி வயல்வெளியில் அலைந்துகொண்டிருந்தார்கள். 1750இல் லண்டனை உலுக்கிய இரண்டு நில அதிர்ச்சிகளை ஊர் இன்னும் மறக்கவில்லை.

அன்று மாலை ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு குள்ளமான போதகர் பிரசங்கம் செய்தார். கடவுளைச் சந்திக்க எந்நாளும் ஆயத்தமாய் இருக்க வேண்டியதுதான், ஆனால் இன்றிரவு உலகம் முடியும் என்பது அறிவுக்குப் பொருந்தாத பேச்சு என்று விளக்கினார். கேட்டவர்களில் பலருக்குப் பயம் தெளியவில்லை. அவர் வீட்டுக்குப் போனார், வழக்கமான நேரத்தில் படுத்தார், பத்து மணிக்கெல்லாம் நன்றாகத் தூங்கிவிட்டார். இதைத் தம் நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

அவர்தான் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் திருச்சபை அவருடைய இயக்கத்திலிருந்து தோன்றியது. கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ என்று நம் ஊர்களில் மெதடிஸ்ட் பள்ளிகளில் படித்த தமிழர் எத்தனையோ பேர். அவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களே அதிகம். 1885இல் சிங்கப்பூருக்கு வந்து இந்தச் சபையைத் தொடங்கிய வில்லியம் ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர். சில ஆண்டுகளிலேயே தமிழ் ஊழியமும் தொடங்கியது. பள்ளியின் பெயர்ப்பலகையில் அன்றாடம் பார்த்த பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர் யார் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த இரவில் அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்பது பாதிக் கதைதான். உலகம் அழியும் என்று சொன்ன ஜார்ஜ் பெல் வெளியாள் அல்லர். வெஸ்லியின் சொந்தச் சபையில், அவருடைய போதனையைக் கேட்டே வளர்ந்தவர்.

வெஸ்லி 1703 ஜூன் மாதம் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் எப்வொர்த் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை சாமுவேல், ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர். கடன் தீராதவர். தாய் சூசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். பாதிக்கு மேல் தங்கவில்லை. ஜானுக்கு ஐந்து வயதாயிருந்தபோது, 1709 பிப்ரவரி மாதம் ஓரிரவு வீடு தீப்பற்றி எரிந்தது. எல்லாரும் வெளியே ஓடிவந்த பிறகுதான் ஒரு பிள்ளை குறைவது தெரிந்தது. ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறி நின்று, மாடி ஜன்னலில் நின்ற பையனைத் தூக்கி இறக்கினார்கள். மறுகணம் கூரை சரிந்தது. அக்கினியிலிருந்து பறித்தெடுத்த கொள்ளி என்ற வேதாகமச் சொல்லைத் தாய் மகனுக்குப் பொருத்திப் பார்த்தார். வெஸ்லி அதைச் சாகும்வரை மறக்கவில்லை.

லண்டனில் பள்ளிப்படிப்பு, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. 1726இல் லிங்கன் கல்லூரியில் ஆய்வாளர் பதவி, 1728இல் குருத்துவ அபிஷேகம். தம்பி சார்ல்ஸும் நண்பர்களும் தொடங்கிய ஒரு சிறு குழுவுக்கு ஜான் தலைவரானார். நேரம் தவறாமல் ஜெபித்தார்கள், உபவாசம் இருந்தார்கள், சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரு முறைப்படி செய்ததால் மற்ற மாணவர்கள் அவர்களை மெதடிஸ்ட் என்று கேலி செய்தார்கள். கேலிப்பெயரே நிலைத்துவிட்டது.

வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாத வாழ்க்கை. உள்ளே என்ன இருந்தது என்பது கடலில்தான் தெரிந்தது.

1735 அக்டோபரில் வெஸ்லி அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குக் கப்பலேறினார். அங்குள்ள பழங்குடியினருக்கு நற்செய்தி சொல்ல வேண்டும் என்பது எண்ணம். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல். பாய்மரம் கிழிந்து தண்ணீர் தளத்துக்குள் பாய்ந்தபோது ஆங்கிலேயர்கள் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொராவியர் என்ற ஜெர்மானிய விசுவாசிகள் பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவே இல்லை. அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாவுக்குப் பயப்படவில்லை என்று அவர்களில் ஒருவர் பிறகு வெஸ்லியிடம் சொன்னார். குருவானவரான வெஸ்லிக்கோ பயமாய் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

கரை சேர்ந்ததும் மொராவியப் போதகர் ஸ்பாங்கன்பெர்க் அவரிடம், இயேசு கிறிஸ்துவை அறிவீரா என்று கேட்டார். அவர் உலகத்தின் இரட்சகர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. அவர் உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா என்று போதகர் மறுபடியும் கேட்டார். என்னை இரட்சிக்க அவர் மரித்தார் என்று நம்புகிறேன் என்று வெஸ்லி சொல்லிவைத்தார். ஆனால் அன்றைய நாட்குறிப்பில், தாம் சொன்னது வெறும் வார்த்தையோ என்று அஞ்சுவதாக எழுதினார். ஒரு குரு தம்மைப் பற்றி இப்படி எழுதி, பிறகு அதைத் தாமே அச்சிட்டும் வெளியிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அவருடைய எதிரிகள் அவரைத் தாக்கப் பயன்படுத்திய பல செய்திகள் அவரே வெளியிட்டவை.

ஜார்ஜியா ஊழியம் தோல்வியில் முடிந்தது. சோஃபி ஹாப்கி என்ற இளம்பெண்மேல் அவருக்கு விருப்பம். மணப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார். அந்த எண்ணத்தையே விட்டுவிடு என்ற சீட்டு வந்தது. சில நாட்களில் அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டார். பிறகு வெஸ்லி, சபை ஒழுங்கைக் காரணம் காட்டி அவருக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். ஊர் கொதித்தது. வழக்குப் போட்டார்கள். 1737 டிசம்பரில் வெஸ்லி இரவோடு இரவாக ஊரை விட்டுக் கிளம்பினார். சபை ஒழுங்கா, மனக்காயமா என்று கேட்டால், இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பின்னாளில் கனவையும் காட்சியையும் நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று பிறருக்குப் புத்தி சொன்ன இதே மனிதர்தான், வாழ்க்கையின் பெரிய முடிவு ஒன்றைச் சீட்டில் போட்டுப் பார்த்தவர்.

பழங்குடியினரை மனந்திருப்பப் போனேன், என்னை மனந்திருப்பப் போவது யார் என்ற கேள்வியோடு இங்கிலாந்து திரும்பினார். லண்டனில் பீட்டர் போலர் என்ற மொராவிய இளைஞரைச் சந்தித்தார். தமக்கே விசுவாசம் இல்லாதபோது பிறருக்குப் பிரசங்கிப்பது பாசாங்கு அல்லவா, நிறுத்திவிடட்டுமா என்று வெஸ்லி கேட்டார். நிறுத்த வேண்டாம், விசுவாசம் வரும்வரை அதைப் பிரசங்கியும், வந்த பிறகு அது இருப்பதால் பிரசங்கியும் என்பது போலரின் பதில். இது சரியான ஆலோசனைதானா என்று இன்றும் வாதிடலாம். வெஸ்லி அதன்படி செய்தார்.

1738 மே 24ஆம் தேதி மாலை, மனமில்லாமலே ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு சிறு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பதாகக் கால் மணி நேரம் இருக்கும்போது, தம் இருதயத்தில் இனம்புரியாத ஒரு கதகதப்பை உணர்ந்தார். தம்முடைய பாவங்களையே, தம்மையே கிறிஸ்து மன்னித்தார் என்ற நிச்சயம் வந்தது. மெதடிஸ்ட் சபைகள் இந்த நாளை இன்றும் நினைவுகூருகின்றன.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. சில மாதங்களிலேயே, தாம் இன்னும் கிறிஸ்தவன் ஆகவில்லை என்று எழுதினார். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1766இல், ஆயிரக்கணக்கானோருக்கு ஆவிக்குரிய தகப்பனாக இருந்தபோது, தம்பி சார்ல்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் உண்மையில் கடவுளை நேசித்ததுண்டா என்றே தெரியவில்லை என்ற கருத்து அதில் இருந்தது. மிக அந்தரங்கமான வரிகளைச் சுருக்கெழுத்தில் எழுதியிருந்தார். ஆயினும் ஓடுவதை நிறுத்த முடியவில்லை, வேறு வழியும் தெரியவில்லை என்றார். உள்ளே வெறுமையோடு வெளியே தீயாய்ப் பிரசங்கித்த அவரை மாயக்காரர் என்று சொல்லத் தோன்றலாம். ஆனால் மாயக்காரர் இப்படிக் கடிதம் எழுதுவதில்லை.

1739 ஏப்ரல் 2ஆம் தேதி, நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு அழைத்ததால், பிரிஸ்டல் நகரில் முதன்முறையாகத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். கோயிலுக்கு வெளியே ஆன்மாவை இரட்சிப்பதே பாவம் என்று அதுவரை எண்ணியவர் அவர். அருகே கிங்ஸ்வுட் சுரங்கங்களில் நிலக்கரி வெட்டிய தொழிலாளர்களைத் தேடிக் குருமார் அதிகம் போனதில்லை. அவர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். சிலர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதறினார்கள், கீழே விழுந்தார்கள், உடல் நடுங்கினார்கள்.

பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அதே ஆண்டு பிரிஸ்டல் பிஷப் ஜோசஃப் பட்லர், பரிசுத்த ஆவியின் விசேஷ வெளிப்பாடு தனக்கு உண்டென்று பாவனை செய்வது அருவருப்பான காரியம் என்று வெஸ்லியின் முகத்துக்கு நேரே சொன்னார். எக்ஸிட்டர் பிஷப் லாவிங்டன் அவரைக் கேலி செய்து புத்தகமே எழுதினார். கள்ளத் தீர்க்கதரிசி என்ற பட்டம் முதலில் வெஸ்லிக்குத்தான் கிடைத்தது. 1742இல் சொந்த ஊரான எப்வொர்த்திலேயே, தந்தை முப்பத்தொன்பது ஆண்டுகள் ஊழியம் செய்த கோயிலில் பிரசங்கிக்க அனுமதி கிடைக்கவில்லை. வெளியே கல்லறைத் தோட்டத்தில் தந்தையின் கல்லறைமேல் ஏறி நின்று நாள்தோறும் மாலையில் பிரசங்கித்தார். பல ஊர்களில் கல்லடியும் பட்டார்.

கள்ளத் தீர்க்கதரிசி யார் என்ற கேள்வியை அவர் ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. மலைப்பிரசங்கத்தைப் பற்றி அவர் வெளியிட்ட பிரசங்கங்களில் ஒன்று இதைப் பற்றியதுதான். அவருடைய பதில் வேறுவிதமானது. வருங்காலத்தைப் பொய்யாகச் சொல்பவன் மட்டும் கள்ளத் தீர்க்கதரிசி அல்லன். பரலோகத்துக்கு இல்லாத வழியைக் காட்டுபவனே அப்படிப்பட்டவன். தாழ்மையும் மனந்திரும்புதலும் அன்பும் வேண்டியதில்லை, விசாலமான பாதையே போதும் என்று சொல்பவன், எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்தான். கனியைப் பார்த்து மரத்தை அறியலாம், அவன் வாழ்க்கையையும் அவன் பேச்சைக் கேட்டவர்களின் வாழ்க்கையையும் பாருங்கள் என்றார். உள்ளே தோன்றும் உணர்ச்சியை வைத்தோ, வெளியே தெரியும் நடுக்கத்தை வைத்தோ தீர்மானிக்கக் கூடாது என்பதும் அவர் கட்சி. 1739லேயே லண்டனில், பிரெஞ்சுத் தீர்க்கதரிசிகள் என்று அழைக்கப்பட்ட குழுவைச் சேர்ந்த ஒரு பெண் உடல் துடித்து வாக்குச் சொல்வதை நேரில் போய்ப் பார்த்தார். அசந்துபோகவும் இல்லை, உடனே பழிக்கவும் இல்லை. வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வந்துவிட்டார்.

தாமஸ் மேக்ஸ்ஃபீல்டு விஷயத்தில் அவருக்குக் கிடைத்த பாடம் வேறு. மேக்ஸ்ஃபீல்டு 1739இல் பிரிஸ்டலில் வெஸ்லியின் பிரசங்கத்தால் மனம் மாறிய எளிய இளைஞர். வெஸ்லி வெளியூர் போயிருந்தபோது, லண்டன் ஃபவுண்டரி சபையைப் பார்த்துக்கொள்ள விடப்பட்டார். ஃபவுண்டரி என்பது பழைய பீரங்கி வார்ப்பாலை. அதை வாங்கித்தான் வெஸ்லி கூடமாக்கியிருந்தார். அபிஷேகம் பெறாத மேக்ஸ்ஃபீல்டு அங்கே பிரசங்கமே செய்யத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் வெஸ்லி கோபத்தோடு ஓடிவந்தார். அங்கே குடியிருந்த தாய் சூசன்னா மகனைத் தடுத்தார். அவசரப்படாதே, உன்னைப் போலவே அவனும் கடவுளால் அழைக்கப்பட்டவன்தான், முதலில் நீயே கேட்டுப் பார் என்றார். வெஸ்லி கேட்டார், ஒப்புக்கொண்டார். தச்சர், கொத்தனார், படைவீரர் என்று சாதாரண மனிதர்கள் பிரசங்கிகளானது அந்த நாளிலிருந்துதான். இயக்கம் நாடெங்கும் பரவியதற்கு இது முக்கியக் காரணம்.

வெஸ்லி சபையைச் சிறு சிறு வகுப்புகளாகப் பிரித்திருந்தார். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். வாரம் ஒருமுறை கூடி, அந்த வாரம் தன் ஆன்மாவின் நிலை எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கட்டடக் கடனுக்காக வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. பிறகு அதுவே இயக்கத்தின் உயிராகிவிட்டது. உறுப்பினருக்குச் சீட்டு உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வட்டிக்காரரிடம் போகாதபடி ஏழைகளுக்குச் சிறு கடன் நிதியும், இலவச மருந்தகமும் ஃபவுண்டரியில் நடந்தன.

இருபது ஆண்டுகள் கழித்து அந்த மேக்ஸ்ஃபீல்டு மூலமாகவே சோதனை வந்தது. மனிதன் இவ்வுலகிலேயே பாவத்தை வென்று முழுமையான அன்புக்கு வர முடியும் என்பது வெஸ்லியின் போதனைகளில் ஒன்று. தாம் அந்நிலையை அடைந்ததாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் 1760க்குப் பிறகு லண்டன் சபையில் பலர் தாங்கள் அடைந்துவிட்டதாகச் சாட்சி சொன்னார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு மேக்ஸ்ஃபீல்டிடம் இருந்தது. கனவு, காட்சி, வெளிப்பாடு என்று பேச்சு வளர்ந்தது. அவர் கட்டுப்படுத்தவில்லை, ஊக்கமே கொடுத்தார்.

அந்தக் கூட்டத்தின் நட்சத்திரம் ஜார்ஜ் பெல். ஆதாமின் தூய நிலைக்குத் திரும்பிவிட்டோம், இனி விழ மாட்டோம், சிலருக்குச் சாவே இல்லை என்றார்கள். இந்நிலையை அடையாதவர்கள் தங்களுக்குப் போதிக்கத் தகுதியற்றவர்கள் என்றும், வெஸ்லியே குருடர் என்றும் பேசினார்கள். பார்வையற்ற ஒருவரின் கண்ணில் எச்சில் தடவி, திறக்கப்படுவாயாக என்று பெல் கட்டளையிட்டார். கண் திறக்கவில்லை. உனக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்தப் பார்வையற்றவர்மேலேயே பழியைப் போட்டார்கள். நோய் தீராவிட்டால் நோயாளிமேல் குற்றம் சுமத்தும் இந்த வழக்கம் இருநூற்றறுபது ஆண்டுகளில் மறைந்துவிடவில்லை.

வெஸ்லி உடனே வெட்டிவிடவில்லை. களையைப் பிடுங்கும்போது கோதுமையும் கூட வந்துவிடுமோ என்று தயங்கினார். 1762 நவம்பர் தொடக்கத்தில் மேக்ஸ்ஃபீல்டுக்கு நீண்ட கடிதம் எழுதி, உங்களிடம் எனக்குப் பிடித்தவை இவை, பிடிக்காதவை இவை என்று பிரித்துச் சொன்னார். அதே மாதம் 24ஆம் தேதி, தம்மை யாரும் பார்க்க முடியாத இடத்தில் நின்று பெல்லின் ஜெபத்தைக் கேட்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஆர்வத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை என்று எழுதினார். பிறகு பெல்லை அழைத்து, தமக்கு ஒவ்வாத மூன்றையும் சொன்னார். சொல்வதே புரியாதபடி அவ்வப்போது கூச்சலிடுவது ஒன்று. பிறர் மனத்தில் இருப்பதை அறியும் அற்புத வரம் தமக்கு உண்டென்று நினைப்பது இன்னொன்று. எதிர்த்துப் பேசுபவர்களைக் கடுமையாகச் சபிப்பது மூன்றாவது. அதற்குப் பிறகும் பெல்லுக்குச் சில வாய்ப்புகள் கொடுத்தார். சார்ல்ஸ் முதலில் இருந்தே அண்ணனை எச்சரித்துவந்தார். வெஸ்லி கேட்டிருந்தால் சேதம் குறைந்திருக்கும். தாயின் பேச்சைக் கேட்டு மேக்ஸ்ஃபீல்டை வளர்த்த அந்தப் பொறுமையே இம்முறை காலைவாரிவிட்டது.

பெல் நாள் குறித்துவிட்ட பிறகு பொறுமைக்கு இடமில்லை. அந்தத் தீர்க்கதரிசனத்துக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று 1763 ஜனவரியில் வெஸ்லி பத்திரிகைக்கு எழுதினார். அம்மாதமே ஒரு பெண்மணி, தன் சீட்டையும் குடும்பத்தாரின் சீட்டுகளையும் வெஸ்லியின் முன்னால் எறிந்துவிட்டுப் போனார். பிப்ரவரி 4ஆம் தேதி பெல்லும் சபையை விட்டு வெளியேறினார். குறித்த நாளையொட்டி அதிகாரிகள் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். மார்ச் 1ஆம் தேதி பொழுது வழக்கம்போல விடிந்தது.

சேதம் அத்தோடு நிற்கவில்லை. ஏப்ரலில் மேக்ஸ்ஃபீல்டும் பிரிந்தார். நூற்றுக்கணக்கானோர் லண்டன் சபையை விட்டுப் போனார்கள். அவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர், உண்மையாகவே கடவுளைத் தேடியவர்கள். பெல் பின்னாளில் விசுவாசத்தையே கைவிட்டுவிட்டார். மெதடிஸ்ட் என்றாலே பைத்தியக்காரர் என்று ஊர் சிரித்தது. முழுமையான அன்பு என்ற போதனையை வெஸ்லி விடவில்லை, ஆனால் அதோடு எச்சரிக்கைகளையும் சேர்த்தார். பெருமையைப் பற்றி எச்சரித்தார். பெருமையின் மகளே மதவெறி என்றார். கனவு, குரல், மனத்தில் தோன்றும் உந்துதல் ஆகியவற்றை உடனே கடவுளின் தலையில் கட்டாதீர்கள், அவை கடவுளிடமிருந்தும் வரலாம், இயற்கையிலிருந்தும் வரலாம், பிசாசிடமிருந்தும் வரலாம் என்றார்.

ஒருவர் உண்மையானவரா என்று பார்க்க வெஸ்லி கொள்கைப் பட்டியலை நீட்டவில்லை. பழைய ஏற்பாட்டில் யெகூ, யோனதாபைப் பார்த்து உன் இருதயம் என்னோடு செம்மையாய் இருக்கிறதா என்று கேட்டுக் கை நீட்டுகிற காட்சி உண்டு. அதை வைத்து அவர் ஒரு பிரசங்கம் வெளியிட்டார். ஆராதனை முறையில் வேறுபடலாம், கருத்தில் மோதலாம், கடவுளையும் அயலாரையும் நேசிக்கும் இருதயம் இருந்தால் கை கோத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதைத் தாமும் கடைப்பிடிக்கப் பார்த்தார். தம்மைக் கேலி செய்து புத்தகம் எழுதிய பிஷப் லாவிங்டனோடு 1762 ஆகஸ்ட் மாதம் எக்ஸிட்டரில் ஒரே பந்தியில் திருவிருந்து எடுத்தார். அது தமக்கு மகிழ்ச்சியாய் இருந்தது என்று குறித்துவைத்தார். இரண்டே வாரத்தில் பிஷப் இறந்துபோனார்.

வீட்டுக்குள் மட்டும் அந்த இணக்கம் வாய்க்கவில்லை. 1751இல் மேரி வஸீல் என்ற விதவையை மணந்தார். வருடம் முழுவதும் குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றிய கணவர், ஆலோசனை கேட்ட பெண்களுக்கு அன்பொழுக எழுதிய கடிதங்கள், மனைவியின் சந்தேகம், கோபம். பலமுறை பிரிந்து கடைசியில் தனித்தனியே வாழ்ந்தார்கள். 1781இல் மேரி இறந்தபோது வெஸ்லி ஊரில் இல்லை. பழி முழுவதையும் மனைவிமேல் போட்டு எழுதிய வரலாறுகள் பல உண்டு. அது நியாயமல்ல.

பணத்தில் அவர் கை சுத்தம். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது ஆண்டுக்கு 28 பவுண்டில் வாழக் கற்றுக்கொண்டார். வருமானம் கூடியபோதும் செலவைக் கூட்டாமல் மிச்சத்தைக் கொடுத்துவிட்டார். அவருடைய புத்தகங்கள் ஏராளமாக விற்றன. 1776இல் வரி அதிகாரிகள், இவ்வளவு பெரிய மனிதர் வீட்டில் கணக்கில் காட்டாத வெள்ளிப் பாத்திரங்கள் இருக்கும் என்று நினைத்து விளக்கம் கேட்டார்கள். லண்டனில் இரண்டு வெள்ளித் தேக்கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு, அவ்வளவுதான், சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டிக்கு ஏங்கும்போது மேலும் வாங்கப்போவதில்லை என்று பதில் எழுதினார். தம்மைப் பின்பற்றியவர்கள் உழைத்துச் சிக்கனமாய் வாழ்ந்து பணக்காரராகி, பிறகு இருதயம் மரத்துப்போவதை முதுமையில் கண்டு மிகவும் வருந்தினார்.

1774இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டார். அடிமைகளை விற்ற பணத்தால் கொழுத்த துறைமுகம் பிரிஸ்டல். அவருடைய முக்கிய மையங்களில் ஒன்று அந்த நகரம். அங்கேயே 1788இல் அடிமைமுறைக்கு எதிராகப் பிரசங்கித்தார்.

மேக்ஸ்ஃபீல்டின் கதை மிச்சமிருக்கிறது. பிரிந்துபோன பிறகு வெஸ்லியைக் குறைகூறி அவர் அச்சிலும் எழுதினார். லண்டனில் தனிச்சபை நடத்தினார். இருபது ஆண்டுகள் ஓடின. 1782 டிசம்பரில் மேக்ஸ்ஃபீல்டு பக்கவாதத்தில் விழுந்தார் என்று செய்தி வந்தது. எழுபத்தொன்பது வயதான வெஸ்லி பார்க்கப் போனார். நினைவில்லாமல் சாகும் நிலையில் கிடந்தார் பழைய சீடர். கட்டிலருகே நின்று ஜெபித்தார்கள். மேக்ஸ்ஃபீல்டு கண் விழித்தார். ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றே வெஸ்லி நம்பினார். அடுத்த ஆண்டு மேக்ஸ்ஃபீல்டின் சபையிலேயே போய்ப் பிரசங்கமும் செய்தார்.

ஐம்பது ஆண்டுகளில் குதிரையிலும் வண்டியிலும் ஏறக்குறைய நான்கு லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்து 40,000 பிரசங்கம் செய்தார் என்று கணக்கிடுகிறார்கள். 1791 பிப்ரவரி 24ஆம் தேதி, நாடாளுமன்றத்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்சுக்கு, மனம் தளராதீர்கள் என்று கடிதம் எழுதினார். அது அவருடைய கடைசிக் கடிதங்களில் ஒன்று. மார்ச் 2ஆம் தேதி காலை, லண்டன் சிட்டி ரோடு வீட்டில் உயிர் பிரிந்தது. வயது 87. இயக்கத்தில் அப்போது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து 70,000க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆங்கிலிக்கன் சபையை விட்டு அவர் கடைசிவரை விலகவில்லை.

சவ வண்டி வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம் என்று உயிலில் எழுதியிருந்தார். கூட்டம் நெரியும் என்று அஞ்சி, மார்ச் 9ஆம் தேதி விடியுமுன்பே அடக்கம் செய்தார்கள். அவர் கேட்டுக்கொண்டபடி ஆறு ஏழைகள் பெட்டியைச் சுமந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு கூலி கொடுக்கப்பட்டது.